பம்பரைக் காக்கிறோம், எதைக் கொடுத்து?

புது கார் வாங்கியவருக்கு வீட்டிலும் அலுவலகத்திலும் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: "முதல்ல பின்னாடி ஒரு கார்டு போட்ருங்க. ரெண்டாயிரம், மூவாயிரம்தான் ஆகும். நம்ம ஊரு டிராஃபிக்ல இல்லன்னா பம்பர் தாங்காது." சொல்பவர் மைத்துனராக இருப்பார், பக்கத்து ஃபிளாட்காரராக இருப்பார், முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த டிரைவராக இருப்பார். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு ஆக்சசரீஸ் கடைகளில் சீட் கவர், மேட், கார்டு மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். பணமும் அதிகமில்லை, வேலையும் அரை மணி நேரம்தான். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் யோசனை என்பதால் யாரும் அதை நின்று கேள்வி கேட்பதில்லை.

நான் கேட்கிறேன். இரண்டு எஃகுக் குழாய்களை வளைத்து, வெல்டிங் வைத்து, பளபளவென்றோ கறுப்புப் பூச்சோடோ காரின் பின்னால் போல்ட் போட்டு மாட்டுகிறோமே, அந்தக் கார்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது நஷ்டத்தைத் தடுப்பதில்லை. மலிவான பாகத்துக்கு வர வேண்டிய அடியை விலை உயர்ந்த பாகத்துக்கு அனுப்புகிறது. நம் பிளாஸ்டிக்குக்கு வர வேண்டிய அடியை இன்னொருவரின் முழங்கால் எலும்புக்கும் அனுப்புகிறது. இந்த இரண்டாவது விஷயத்துக்காக மட்டுமே அதைக் கழற்ற வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் முதலாவதையும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் கார்டு விற்பதே "பணம் மிச்சம்" என்ற ஒரே வாக்குறுதியில்தான்.

கார்டு போடுகிறவரின் ஆற்றாமையில் நியாயம் இருக்கிறது. இன்றைய பம்பர் காரின் உடல் நிறத்திலேயே பெயிண்ட் அடித்து வருகிறது. சிக்னலில் நிற்கும்போது பின்னால் வரும் டூவீலரின் டயர் லேசாக ஒற்றினாலே கறுப்புத் தடம். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூணுக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண். உரசியது யார் என்று தெரியாது, கேட்டால் சண்டை. பட்டறைக்குப் போனால் டிங்கரிங், பெயிண்டிங் என்று சில ஆயிரம். இன்சூரன்ஸில் போடலாம் என்றால் பிளாஸ்டிக் பாகங்களுக்கு வழக்கமான பாலிசியில் 50 சதவீதம் தேய்மானம் கழிக்கிறார்கள். கட்டாயக் கழிவு ஆயிரமோ இரண்டாயிரமோ நம் தலையில். அதற்கு மேல் க்ளெய்ம் போட்ட வருடம் நோ க்ளெய்ம் போனஸும் போகும். சின்னக் கீறலுக்கு இவ்வளவா என்று மனிதர் கொதிப்பது இயல்பு. அந்தக் கொதிப்பைக் குறை சொல்ல மாட்டேன். அது போய்ச் சேரும் இடம்தான் தவறு.

நாம் கையால் தொடும் அந்த வழவழப்பான பாகம் பம்பரின் உறை மட்டுமே. பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்கில் செய்தது. அழுத்தினால் உள்வாங்கும், விட்டால் ஓரளவு தானே திரும்பும். அதற்குப் பின்னால் நுரையோ தேன்கூடு போன்ற பிளாஸ்டிக் அமைப்போ இருக்கும். அதற்கும் பின்னால் குறுக்காக ஒரு எஃகு அல்லது அலுமினியச் சட்டம். அந்தச் சட்டத்தின் இரு முனைகளும், காரின் நீளவாக்கில் ஓடும் சேஸிஸ் கால்களோடு சேருகின்றன. பல கார்களில் அந்தச் சேருமிடத்தில் நசுங்குவதற்கென்றே செய்த சிறு பெட்டிகள் உண்டு. மெதுவான மோதலில் உறை உள்வாங்கும். கொஞ்சம் வேகம் கூடினால் நுரை நசுங்கும். இன்னும் கூடினால் அந்தப் பெட்டிகள் மடங்கும். மூன்றையும் கழற்றி மாற்றிவிடலாம். இவையெல்லாம் தம்மைக் கொடுத்து, சேஸிஸ் கால்களையும் டிக்கியின் தரையையும் காப்பாற்றுகின்றன.

சிறிய, விலை குறைந்த சில கார்களில் நுரை இருக்காது, குறுக்குச் சட்டமும் மெலிதாக இருக்கும் என்பது உண்மை. "அதனாலதான் சார் கார்டு வேணும்" என்பார்கள். கார்டு எங்கே மாட்டப்படுகிறது என்று குனிந்து பார்த்தால் இந்த வாதம் நிற்காது. பெரும்பாலும் அது அதே சேஸிஸ் கால்களின் முனையிலோ, இழுவைக் கொக்கிக்கு வைத்த துளையிலோதான் போல்ட் செய்யப்படுகிறது. அங்கிருந்து இரண்டு பட்டைகள் பம்பருக்கு அடியால் வெளியே நீண்டு வந்து குழாயைத் தாங்குகின்றன. அதாவது அடி படும் இடம் ஒன்று, அதைத் தாங்கும் இடம் வேறொன்று. நடுவில் ஒரு நெம்புகோல். குழாயின் ஓரத்தில் ஒரு முட்டு விழுந்தால் அந்தப் பட்டை சேஸிஸ் காலின் நுனியைத் திருகுகிறது. கார் கம்பெனி நசுங்குவதற்கென்று வைத்த பெட்டியும் நுரையும் இதில் எந்த வேலையும் செய்வதில்லை. அவற்றை அடி தொடுவதே இல்லை.

வேகமும் தூரமும் இங்கே எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே சொல்கிறேன். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வேகமாக நடக்கும் ஒருவரின் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக, ரிவர்ஸில் போய்த் தூணில் இடிக்கிறோம். பின்பக்கம் 10 சென்டிமீட்டர் உள்வாங்கி நின்றால் காருக்குள் இருப்பவர் மீது வரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல இரண்டரை மடங்கு. அதே வேகம், ஆனால் விறைப்பான ஒன்று 2 சென்டிமீட்டரில் நிறுத்திவிட்டால் பன்னிரண்டரை மடங்கு. கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கிறவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பந்தை வாங்குவது இதே காரணத்துக்காகத்தான். பின்பக்கம் உள்வாங்குவதைக் குறை என்று நினைத்து விறைப்பாக்குகிறோம். அந்த உள்வாங்கல்தான் உள்ளே இருப்பவரின் கழுத்துக்கான அவகாசம்.

பின்னாலிருந்து வரும் இடியில் கழுத்துதான் முதலில் அடி வாங்கும். சீட் முதுகை முன்னால் தள்ளுகிறது, தலை ஒரு கணம் பின்தங்கிவிடுகிறது, பிறகு விருட்டென்று வருகிறது. வேகம் குறைவான மோதலிலேயே வாரக்கணக்கில் கழுத்தைத் திருப்ப முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. ஏழு பேர் உட்காரும் கார்களில் மூன்றாவது வரிசையில் யாரை உட்கார வைக்கிறோம்? குழந்தைகளை. அவர்கள் தலைக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே பல வண்டிகளில் ஒரு முழம்கூடக் கிடையாது. அந்த ஒரு முழத்தில் உலோகம் எப்படி மடங்க வேண்டும் என்று ஒரு பொறியாளர் குழு உட்கார்ந்து யோசித்து, மோதிப் பார்த்து, திருத்திச் செய்திருக்கிறது. அதன் நடுவே ஒரு வெல்டிங் பட்டறையின் குழாயைச் சொருகும் உரிமையை நமக்கு நாமே கொடுத்துக்கொள்கிறோம்.

"இரும்பும் வளையத்தானே செய்யும்?" என்று கேட்பார்கள். வளையும். எவ்வளவு விசையில் வளையும், எந்தப் பக்கம் மடங்கும், மடங்கிய பிறகு அதன் நுனி எதைக் குத்தும் என்பதை யாரும் சோதித்ததில்லை. கடைக்காரருக்கும் தெரியாது, மாட்டிய பையனுக்கும் தெரியாது.

பட்டறையில் பார்த்த ஒரு காரைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். வெள்ளை நிற ஹேட்ச்பேக். பின்னால் இரட்டைக் குழாய் கார்டு. சிக்னலில் நின்றிருந்தபோது பின்னால் வந்த வேன் இடித்திருக்கிறது. உரிமையாளர் முதலில் இறங்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்: கார்டு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, பம்பரில் கீறல்கூட இல்லை. சில வாரம் கழித்து மழையில் டிக்கிக்குள் தண்ணீர் வந்ததால்தான் பட்டறைக்கே வந்தார். மெக்கானிக் டிக்கிக் கதவை மூடி, ஓரத்து இடைவெளியில் விரலை வைத்துக் காட்டினார். இடப்பக்கம் விரல் நுனி போகவில்லை. வலப்பக்கம் சுண்டுவிரல் தாராளமாகப் போனது. மேட்டைத் தூக்கினார். ஸ்டெப்னி வைக்கும் குழியின் விளிம்பில் தகரம் அலை அலையாக மடிந்து, மடிப்பில் பெயிண்ட் உதிர்ந்து, துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது. வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் காரணம் தெரிந்தது: கார்டின் பட்டை போல்ட் செய்யப்பட்ட இடத்தில் வலப்பக்கச் சேஸிஸ் கால் கீழ்நோக்கி வளைந்திருந்தது. "பம்பர் உடைஞ்சிருந்தா ஒரே நாள் வேலைங்க. இதை இழுத்து நேராக்கணும்" என்றார் மெக்கானிக். பம்பரைக் கார்டு காப்பாற்றியது உண்மைதான். அந்தப் பம்பர் காப்பாற்ற வேண்டியதை அது காப்பாற்றவிடவில்லை.

இப்படிச் சேதம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய்விடுவதால்தான் கார்டின் புகழ் வளர்கிறது. அடி வாங்கிய பம்பர் உடைந்து எல்லோருக்கும் தெரிகிறது. "பிளாஸ்டிக் வண்டி" என்று திட்டு வாங்குகிறது. அடி வாங்கிய கார்டு பளபளவென்று நிற்கிறது. வளைந்த சேஸிஸை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

அடுத்து வருவது அம்பாசடர் நினைவு. "அந்தக் காலத்து வண்டில பம்பர் இரும்பு. இடிச்சா இடிச்சவன் வண்டிதான் போகும்." இதைச் சொல்லும் பெரியவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, அவர்கள் ஓட்டிய சாலைகளின் வேகமும் நெரிசலும் வேறு. ஆனால் வண்டி வளையாமல் நின்றால் உள்ளே இருந்தவர்தான் வளைந்தார் என்பதை உலகம் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. மெர்சிடிஸ் பென்ஸில் வேலை பார்த்த பேலா பரேனி, காரின் முன்னும் பின்னும் நசுங்கட்டும், நடுவிலுள்ள அறை மட்டும் உறுதியாக நிற்கட்டும் என்ற யோசனைக்கு 1952-லேயே காப்புரிமை பெற்றார். அந்த யோசனையைப் பின்பற்றிய கார் 1959-ல் விற்பனைக்கு வந்தது. அதே 1959-ல் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு கனத்த செவர்லே பெல் ஏரையும், 2009-ஆம் ஆண்டின் செவர்லே மாலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர், பாதி முகப்பு மட்டும் இடிக்கும்படி மோதவிட்டார்கள். நடத்தியது அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளின் சாலைப் பாதுகாப்பு நிறுவனம். பழைய இரும்பு வண்டியின் டிரைவர் இருக்கையில் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புது வண்டியின் முகப்பு சுக்குநூறாகியது. அதை ஓட்டுபவருக்குக் காலில் சிறு காயத்தோடு போயிருக்கும்.

அது முகப்பு மோதல், நாம் பேசுவது பின்பக்கத்துச் சின்ன முட்டு என்று சொன்னால், சின்ன முட்டுக்கும் வரலாறு இருக்கிறது. 1970-களில் அமெரிக்க அரசு பம்பருக்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. 1973 மாடல் கார்களின் முன் பம்பர் மணிக்கு 8 கிலோமீட்டர் முட்டைத் தாங்க வேண்டும், விளக்குகளும் மற்றப் பாதுகாப்புப் பாகங்களும் கெடக்கூடாது. அடுத்த ஆண்டு பின் பம்பருக்கும் அதே அளவு. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களின் படத்தில் பெரிய பெரிய உலோகப் பம்பர்கள் துருத்திக்கொண்டு நிற்பது இதனால்தான். நம்மூர் கார்டு ரசிகர்கள் அவற்றைத் தங்களுக்குச் சாட்சியாகக் கூப்பிடலாம். ஆனால் அந்தப் பம்பர்களுக்குப் பின்னால் ஷாக் அப்சார்பர் போன்ற அமைப்புகள் இருந்தன. முட்டினால் பம்பர் முழுவதும் உள்ளே போய், பிறகு வெளியே வரும். உலோகம் வெளியே தெரிந்தது. வேலையைச் செய்தது உள்ளே இருந்த அசைவு. அந்த விதியை 1982-ல் ரீகன் அரசு மணிக்கு 4 கிலோமீட்டராகக் குறைத்தது. ஐரோப்பாவில் வழங்கும் விதியிலும் நேர் முட்டுக்கு அதே 4 கிலோமீட்டர்தான். பாதி வேகம் என்றால் பம்பர் சமாளிக்க வேண்டிய ஆற்றல் கால்வாசி. கீறலைப் பற்றிய நம் ஆதங்கத்தின் வேர் எங்கே என்று தேடினால் இங்கேயும் கொஞ்சம் தேடலாம்.

இனி எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். நம் சாலையில் நம் காருக்குப் பின்னால் வருவது யார்? பெரும்பாலும் இன்னொரு கார் அல்ல. டூவீலர்.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். விபத்து நடந்த விதங்களில், பின்னாலிருந்து மோதியவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான், 64,105. பின்பக்கக் கார்டு போட்டதால் இத்தனை பேர் இறந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு கணக்கை யாரும் எடுத்து வைக்கவில்லை. நம் காரின் பின்பக்கம் யாரைச் சந்திக்கப்போகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தச் சந்திப்பைக் கிட்டத்தில் பாருங்கள். நாம் திடீரென்று பிரேக் போடுகிறோம். மாடு, பள்ளம், குறுக்கே வந்த ஆட்டோ, ஏதோ ஒன்று. பின்னால் வருகிறவர் பிரேக்கைப் பிடிக்கிறார், மணலில் சறுக்குகிறது, முன் சக்கரம் பம்பரில் மோதுகிறது. உட்கார்ந்திருப்பவரின் முழங்காலும் அதற்குக் கீழுள்ள காலும் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள்தான் இருக்கின்றன. அவை முன்னால் எறியப்படுகின்றன. அங்கே இருப்பது அகலமான, வழவழப்பான, உள்வாங்கக்கூடிய பிளாஸ்டிக் என்றால் ஒரு வகை. இரண்டு அங்குலக் குழாய் என்றால் மொத்த விசையும் அந்த இரண்டு அங்குலத்தில். அதிலும் குழாயின் இரு முனைகளில் இருந்த பிளாஸ்டிக் மூடி விழுந்து, அறுத்த உலோக விளிம்பு அப்படியே வெளியே தெரியும் எத்தனையோ கார்டுகளைப் பார்க்கிறேன். அறுத்த இடத்தில் பிசிறுகூடத் தேய்த்திருக்க மாட்டார்கள். விரலை வைத்தால் கிழிக்கும். அந்த விளிம்பு சரியாக ஸ்கூட்டர் ஓட்டும் ஒருவரின் முழங்கால் உயரத்தில், நாள் முழுதும் நகரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"பின்னால் வருபவன் இடைவெளி விட்டு வர வேண்டியதுதானே" என்ற பதில் உடனே வரும். வர வேண்டும். சாலை விதியும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் இடைவெளி விடாத தவறுக்கு ஒருவரின் கால் போக வேண்டுமா? அந்தத் தண்டனையை வழங்கும் கருவியை இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி நம் வண்டியில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டுமா? பால்காரர், உணவு டெலிவரி செய்யும் பையன், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் அம்மா, இவர்கள்தான் நம் பின்னால் வருகிறவர்கள். பம்பரின் பெயிண்டையும் இவர்களின் காலையும் ஒரே தராசில் வைப்பதற்கே எனக்குக் கூசுகிறது.

வீட்டு வாசலில் நடப்பது இன்னொன்று. கார்கள் வேகமில்லாமல், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் ஆளை இடிப்பது ரிவர்ஸில்தான். இடிபடுவது பெரும்பாலும் சிறு குழந்தைகளும் மெதுவாக நடக்கும் முதியவர்களும். இதற்காகவே 2019 ஜூலை 1 முதல் விற்கப்படும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயமாக்கப்பட்டது. பம்பரில் பொட்டுப் போல இருக்கும் அந்தச் சென்சார்கள் நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்கின்றன. அவற்றுக்கு நேர் எதிரே ஒரு உலோகக் குழாயை மாட்டினால் எதிரொலி குழாயிலிருந்தே வரும். ரிவர்ஸ் கியர் போட்டதும் ஓயாமல் கத்தும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கார்டு மாட்டிய கடையிலேயே சென்சாரின் வயரைப் பிடுங்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயிண்டைக் காக்க வாங்கிய பொருளுக்காக, குழந்தையைக் காக்க வைத்த பொருளை அணைத்துவிடுகிறோம். இதைவிடத் தலைகீழான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

வண்டியின் பின்னால் இரும்புத் தடுப்பு இருக்கவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லாரிக்கு வேண்டும், கட்டாயம் வேண்டும். லாரியின் தளம் உயரத்தில் இருப்பதால் பின்னால் மோதும் கார் அடியில் புகுந்துவிடும். காரின் கூரையே வெட்டுப்படும். நடிகை ஜெய்ன் மான்ஸ்ஃபீல்டு 1967 ஜூனில் அப்படி ஒரு விபத்தில் இறந்தார்; டிரெய்லரின் பின்னால் போடும் அந்தக் குறுக்குக் கம்பியை அமெரிக்காவில் இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள். நம் நாட்டிலும் அதற்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு: ஐ.எஸ். 14812, 2005-ஆம் ஆண்டினுடையது. அதைக் கார் கார்டோடு வைத்துப் பாருங்கள். லாரியின் கம்பி, பின்னால் வந்து மோதுகிறவர் பிழைக்கட்டும் என்பதற்காக வைத்தது. எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். காரின் கார்டுக்கு அப்படி யாரையும் மனத்தில் வைத்த ஓர் அளவும் இல்லை. வேதனை என்னவென்றால், அந்தக் கம்பி இல்லாமலோ, பெயருக்கு ஒரு வளைந்த பட்டையோடோ எத்தனையோ லாரிகள் நெடுஞ்சாலையில் ஓடுகின்றன. தேவையில்லாத இடத்தில் இரும்பு மின்னுகிறது, தேவையான இடத்தில் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் சட்டம் எனக்கு முதல் காரணம் அல்ல. 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார் ஆகியவற்றை அகற்ற நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. காட்டிய சட்டம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு: பதிவுச் சான்றில் உள்ள விவரங்களும் தயாரிப்பாளர் வரையறுத்ததும் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே படித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத பாகம் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வந்தது. "அதெல்லாம் முன்பக்க பம்பருக்குத்தான் சார், பின்னாடி பிரச்சினை இல்லை" என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. முன்பக்கக் கார்டு ஏர்பேக் சென்சாரைக் குழப்பும் என்ற செய்தி பரவலாக வந்ததால் உண்டான நம்பிக்கை இது. 52-ஆவது பிரிவில் முன், பின் என்ற பேதமே கிடையாது.

பணக் கணக்குக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். கார்டு இரண்டு மூன்று ஆயிரம். மாட்டும்போது துளை போட்ட இடத்தில் சில மழைக்காலத்தில் துரு. பாலிசியில் சொல்லாமல் மாட்டிய பாகத்துக்கு இன்சூரன்ஸ் பணம் வராது. அதனால் சேதம் கூடியது என்று சர்வேயர் எழுதினால் பேச்சு நீளும். நல்ல முட்டு ஒன்று விழுந்தால் சேஸிஸ் வேலை. சேஸிஸில் கை வைத்த வண்டி என்று தெரிந்தால் பழைய கார் வியாபாரி விலையை எங்கே நிறுத்துவார் என்பது விற்றவர்களுக்குத் தெரியும். எதிர்ப்பக்கம், கீறிய பம்பரைப் பல பட்டறைகளில் ஹீட் கன் வைத்து நிமிர்த்தி, விரிசலைப் பிளாஸ்டிக் வெல்டிங்கில் ஒட்டி, பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறார்கள். பம்பரையே மாற்றச் சொல்லும் சர்வீஸ் சென்டரை விட்டு இப்படிப்பட்ட ஒரு கைதேர்ந்தவரைத் தேடிப் பிடிப்பது கார்டைவிடப் பெரிய சேமிப்பு.

அப்படியானால் மலிவாக ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். முதலில், காவலைச் சுவரில் போடுங்கள். அபார்ட்மென்ட் தூணில் பழைய டயரைப் பாதியாக அறுத்து ஆணி அடித்துவிட்டால் எத்தனை வண்டிகள் பிழைக்கும். கார் நிறுத்தும் இடத்தில் தரையில் ஒரு ரப்பர் தடுப்போ சிமென்ட் மேடோ வைத்தால் பின் சக்கரம் அங்கேயே நின்றுவிடும், பம்பர் சுவரைத் தொடவே தொடாது. அசோசியேஷன் கூட்டத்தில் சிசிடிவிக்கும் கோலத்துக்கும் பேசும் நேரத்தில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும்.

வண்டியிலேதான் ஏதாவது வேண்டும் என்றால் மென்மையான பொருளாகத் தேர்ந்தெடுங்கள். பம்பரின் இரு மூலைகளில் ஒட்டும் ரப்பர் பட்டை சில நூறு ரூபாய். உரசல் அதிகம் விழும் இடம் மூலைகள்தான். டிக்கியின் விளிம்பில் சூட்கேஸ் உரசும் இடத்துக்குத் தனியாக ரப்பர் பட்டை இருக்கிறது. கண்ணாடி போன்ற பாதுகாப்பு ஃபிலிமைப் பின்பம்பருக்கு மட்டும் ஒட்டச் சொன்னாலும் ஒட்டுவார்கள். நியூயார்க் போன்ற நகரங்களில், தெருவோரம் ஒட்டி ஒட்டிக் கார் நிறுத்துகிறவர்கள், தடித்த ரப்பர் பாய் ஒன்றை டிக்கியிலிருந்து பம்பர் மேல் தொங்கவிடுகிறார்கள். வண்டி எடுக்கும்போது உள்ளே போட்டுவிடுகிறார்கள். நம்மூரில் ரப்பர் மேட் விற்கும் எந்தக் கடையிலும் அளவு சொல்லி அறுத்து வாங்கி இதைச் செய்துகொள்ளலாம். இவை எவையும் சேஸிஸைத் தொடுவதில்லை, சென்சாரை மறைப்பதில்லை, யார் காலையும் முறிப்பதில்லை. சென்சார் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு ஒட்ட வேண்டும்.

கார் கம்பெனிகளிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு, கோபத்தோடுதான். முன்பெல்லாம் பம்பரின் நடுவே பெயிண்ட் அடிக்காத கறுப்புப் பட்டை வரும். உரசல் எல்லாம் அதில் போய்விடும். தனியாக மாற்றவும் செய்யலாம். சின்ன கார்களின் அடிப்படை மாடல்களில் முழுப் பம்பருமே கறுப்பாக வந்தது. யாரும் அதற்காக வெட்கப்படவில்லை. பிறகு எல்லாவற்றையும் உடல் நிறத்தில் முக்கியெடுத்து, அழகு என்று விற்று, உரசும் என்று நன்றாகத் தெரிந்த பாகத்தைக் கீறினால் கண்ணீர் வரும் பாகமாக மாற்றினார்கள். இன்று சில கார்களில் அடிப்பகுதிக்கு மட்டும் கறுப்புப் பிளாஸ்டிக் வருகிறது. அதை மேலே மூலைகள் வரை ஏற்றி, தனித் துண்டாகக் கழற்றும்படி, தனி விலை போட்டுத் தந்தால் கார்டு வியாபாரத்தில் பாதி தானாக நின்றுபோகும். வாங்குகிறவர்கள் ஷோரூமில் இதைக் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டும். கார்டுக்குப் பேரம் பேசும் நேரத்தை அதற்குச் செலவிடலாம்.

ஏற்கெனவே கார்டு மாட்டியிருப்பவர்கள் கழற்றும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கார்டுக்காக எடுத்த பழைய போல்ட்டுகளைத் தொலைத்துவிட்டிருந்தால், அதே தரத்தில் கம்பெனி போல்ட் வாங்கிப் போடச் சொல்லுங்கள். பட்டறையில் கிடக்கும் ஏதோ ஒன்றைப் போட விடாதீர்கள். புதிதாகத் துளை போட்டிருந்தால் துருவைச் சுரண்டி, துரு தடுப்புப் பூச்சு அடித்து, ரப்பர் மூடி வைத்து அடைக்க வேண்டும். முன்பு ஏதாவது முட்டு விழுந்திருந்தால் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அந்தக் குழியின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், மடிப்பு இருந்தால் தட்டுப்படும். சென்சார் வயரைப் பிடுங்கியிருந்தால் அன்றைக்கே திரும்ப மாட்டி, பின்னால் ஒரு ஆளை நிறுத்தி ரிவர்ஸ் போட்டு, எல்லாச் சென்சார்களும் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். கழற்றிய குழாயைக் கடைக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்பார். கொடுக்காதீர்கள், அது இன்னொரு காருக்குத்தான் போகும். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள்.